பருத்தித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கம்

பருத்தித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கம் என்பது, துணியின் இழைகளில் ஒட்டியுள்ள எண்ணெய், கொழுப்பு, மசகு போன்றவற்றைச் சோப்பு அல்லது டிடர்ஜெண்ட் உதவியுடன் நீரில் பிரித்தெடுக்கும் செயல் ஆகும். சலவைத் தூள் எண்ணெயைக் கரைத்துவிடுகிறது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பெரும்பாலும் நடப்பது வேறு. சலவைத் தூள் முதலில் நீரைத் துணியின் இழைகளுக்குள் நுழையச் செய்கிறது. பின்னர், இழையில் பரவிக் கிடக்கும் எண்ணெயைச் சிறு துளிகளாகத் திரளச் செய்து இழையிலிருந்து விடுவிக்கிறது. இறுதியாக, விடுபட்ட துளிகள் மீண்டும் துணியில் படியாமல் நீரிலேயே தாங்கிப் பிடிக்கிறது. இந்த மூன்று வேலைகளும் நடக்க நீரின் வெப்பநிலையும் கடினத்தன்மையும் ஒத்துழைக்க வேண்டும்.

இவ்விரண்டும் எவ்வளவு முக்கியம் என்பதை நாமக்கல் மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம். அம்மாவட்டத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியான கொல்லிமலை, ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரம் கொண்டது. மலையின் ஓடை நீர் குளிர்ந்தது. உப்புகள் குறைவாகக் கரைந்த மென்னீர். மலையடிவாரத்துக்குக் கீழே சமவெளியில் ஆழ்துளைக் கிணற்று நீர் வெதுவெதுப்பானது. ஆனால் பல இடங்களில் கடினமானது. ஒரே வேட்டியை, ஒரே சலவைப் பொருளைக் கொண்டு இரண்டு இடங்களிலும் துவைத்தால் ஒரே விளைவு கிடைப்பதில்லை. அதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

பிசுக்கும் கறையும்

துணியில் படியும் அழுக்குகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. எண்ணெய்ப் பிசுக்கு என்பது நீருடன் சேராத பொருள்களைக் குறிக்கும். அவற்றுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நெய் போன்ற உணவுக் கொழுப்புகள். இவை கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த டிரைகிளிசரைடுகள். இரண்டாவது, மனிதத் தோல் சுரக்கும் எண்ணெய். சட்டையின் கழுத்துப் பட்டையிலும் கைமடிப்பிலும் தலையணை உறையிலும் படிவது இதுவே. இதில் டிரைகிளிசரைடுகளுடன் மெழுகுகள், ஸ்குவாலீன், தனித்த கொழுப்பு அமிலங்கள் ஆகியவையும் உண்டு. மூன்றாவது, இயந்திர எண்ணெயும் கிரீசும். லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்ற நாமக்கல்லிலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற திருச்செங்கோட்டிலும், விசைத்தறிகள் மிகுந்த பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளிலும் தொழிலாளர் உடைகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இவை பெட்ரோலியத்திலிருந்து பெறப்பட்ட ஹைட்ரோகார்பன்கள். கிரீசின் கறுப்பு நிறத்துக்கு அதில் கலந்த கரித்தூளும் உலோகத் துகள்களும் காரணம்.

வாழைக்கறை இவற்றிலிருந்து வேறுபட்டது. வாழைத் தாரை வெட்டும்போது வடியும் சாற்றில் உள்ள டானின் வகைப் பொருள்கள் காற்றுப் பட்டுக் கருத்து, இழையோடு நிறமாகப் பற்றிக்கொள்கின்றன. காப்பிக் கறையும் பெருமளவு இவ்வகையே. இவை எண்ணெய் அல்லாததால், எண்ணெயை விடுவிக்கும் முறையால் முழுமையாக நீங்குவதில்லை. இவற்றுக்கு நிறத்தைச் சிதைக்கும் வெளுப்பான் தேவைப்படும்.

கொல்லிமலையின் பெயர் பெற்ற விளைபொருளான பலாவின் பால் இன்னொரு வகை. இந்தப் பிசின் நீரில் சேராது, எண்ணெயில் இளகும். பலாப்பழம் அறுப்பதற்கு முன் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கத்துக்கு இதுவே காரணம். துணியில் பட்ட பலாப் பாலையும் முதலில் எண்ணெய் தடவி இளக்கி, வழித்தெடுத்த பிறகு, அந்த எண்ணெயைச் சோப்புப் போட்டு நீக்க வேண்டும். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்ற வேதியியல் விதியின் வீட்டு எடுத்துக்காட்டு இது.

பருத்தி இழையின் தன்மை

சுத்தம் செய்யப்பட்ட பருத்தி ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸ் ஆகும். செல்லுலோஸ் சங்கிலியில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய இருப்பதால், பருத்தி நீரை விரும்பி ஏற்கும். நீர் பட்டதும் இழை உப்பும். ஈரமான பருத்தி, உலர்ந்த பருத்தியைவிட வலிமை மிக்கது. துவைக்கும் கல்லில் அடிப்பதைப் பருத்தி ஓரளவு தாங்குவதற்கு இந்தப் பண்பு உதவுகிறது. பருத்தி காரத்தையும் நன்கு தாங்கும். வலிய அமிலத்தால் சிதையும்.

பறித்தெடுத்த பருத்தியின் மேல் இயற்கையான மெழுகுப் படலம் உண்டு. அதனால் புதுப் பஞ்சு நீரில் மிதக்கும். ஆலைகளில் துணியைக் காரக் கரைசலில் கொதிக்கவைத்து இம்மெழுகை நீக்கிய பிறகே துணி நீரை நன்கு உறிஞ்சுகிறது.

நுண்ணோக்கியில் பார்த்தால் பருத்தி இழை முறுக்கிய தட்டையான நாடா போலத் தெரியும். அதன் நடுவில் குழல் போன்ற உள்வெளி உண்டு. பல இழைகள் சேர்ந்து நூலாகும்போது அவற்றுக்கிடையே நுண்ணிய சந்துகள் உருவாகின்றன. எண்ணெய் பட்டவுடன் விளக்குத் திரியில் ஏறுவது போல இந்தச் சந்துகளில் ஏறிப் பரவுகிறது. ஆகவே மேற்பரப்பைத் தேய்த்தால் மட்டும் போதாது. சலவை நீர் நூலின் உட்பகுதி வரை செல்ல வேண்டும்.

பாலியெஸ்டர் இதற்கு நேர்மாறானது. அது எண்ணெயை விரும்பும். நீரை அவ்வளவாக ஏற்காது. பாலியெஸ்டர் கலந்த சட்டையின் கழுத்துப் பிசுக்கு, தூய பருத்திச் சட்டையின் பிசுக்கைவிடப் பிடிவாதமாக இருப்பதன் காரணம் இதுவே.

நீர் மட்டும் ஏன் போதாது

நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக ஈர்க்கின்றன. நீரின் மேற்பரப்பில் இந்த ஈர்ப்பு உள்நோக்கி இழுப்பதால், பரப்பு ஓர் இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. 25 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். டிடர்ஜெண்ட் கலந்ததும் அது 30 அல்லது 35 அளவுக்கு இறங்கிவிடும்.

இதை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். ஒரு தட்டில் நீர் ஊற்றி, அதன்மேல் மிளகுத் தூளைத் தூவினால் தூள் மிதக்கும். நடுவில் சோப்பு தொட்ட விரலை வைத்தால் தூள் முழுவதும் விளிம்பை நோக்கி ஓடும். நடுவில் பரப்பு இழுவிசை குறைய, விளிம்பில் உள்ள தூய நீர் வலுவாக இழுப்பதே காரணம்.

நீரின் பரப்பு குறித்த அறிவியலில் சமையலறைக்கும் பங்குண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ், பல்கலைக்கழகம் செல்ல வாய்ப்பின்றி வீட்டு வேலைகளைக் கவனித்தவர். எண்ணெயும் சோப்பும் நீர்ப்பரப்பை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை வீட்டிலேயே அமைத்த கருவியால் அளந்தார். அவர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891-இல் நேச்சர் இதழில் வெளியானது.

எண்ணெய் படிந்த நூலின் மேல் விழும் வெறும் நீர், அதை நனைக்காமல் முத்துப் போல நிற்கும். சந்துகளுக்குள் அது நுழைவதில்லை. எவ்வளவு அலசினாலும் எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இருமுகம் கொண்ட மூலக்கூறு

சோப்பு மூலக்கூறுக்கும் டிடர்ஜெண்ட் மூலக்கூறுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. ஒரு முனை நீரை விரும்பும் தலை. மறுமுனை நீரை வெறுத்து எண்ணெயை விரும்பும் நீண்ட ஹைட்ரோகார்பன் வால். இத்தகைய பொருள்கள் சர்பாக்டன்ட் எனப்படும்.

சோப்பு என்பது நீண்ட கொழுப்பு அமிலத்தின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு. அதன் தலை கார்பாக்சிலேட் தொகுதி. சலவைத் தூள்களில் மிகுதியாகப் பயன்படுவது லீனியர் அல்கைல் பென்சீன் சல்போனேட். அதன் தலை சல்போனேட் தொகுதி. இதன் மூலப்பொருளான லீனியர் அல்கைல் பென்சீன், பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுவது. சென்னை மணலியிலும் இது தயாரிக்கப்படுகிறது.

நீரில் இடப்பட்ட சர்பாக்டன்ட் மூலக்கூறுகள் முதலில் நீரின் பரப்பிலும், எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையிலும், இழையின் மேலும் சென்று படிகின்றன. பரப்புகள் நிறைந்த பிறகு மிஞ்சியவை நீருக்குள் கூட்டமாகச் சேர்கின்றன. வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயும் அமைந்த இந்த நுண் உருண்டைகள் மிசெல்கள் எனப்படும். ஒரு மிசெல்லில் பொதுவாக 50 முதல் 100 மூலக்கூறுகள் வரை இருக்கும். அதன் குறுக்களவு சில நானோமீட்டர் மட்டுமே. சோப்புக் கரைசலில் இத்தகைய கூட்டங்கள் உள்ளன என்ற கருத்தை மெக்பெயின் 1913-இல் முன்வைத்தார்.

பிசுக்கு நீங்கும் படிகள்

நனைதல்: பரப்பு இழுவிசை குறைந்த நீர், எண்ணெய் படிந்த நூலையும் நனைத்துச் சந்துகளுக்குள் நுழைகிறது. ஊறவைத்தலின் முதல் பயன் இதுதான்.

திரளுதல்: இழையின் மேல் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும். பருத்தி நீரை விரும்புவதால், சர்பாக்டன்ட் கலந்த நீர் எண்ணெயின் விளிம்புக்குக் கீழே மெல்லப் புகுகிறது. படலத்தின் விளிம்பு சுருங்கச் சுருங்க, எண்ணெய் தட்டையான நிலையிலிருந்து உருண்டு துளியாகிறது. தாமரை இலையில் நீர் உருண்டு நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். இங்கு உருள்வது எண்ணெய். அதைச் சூழ்ந்திருப்பது நீர். இந்த நிகழ்வை என். கே. ஆடம் 1937-இல் விளக்கினார். எண்ணெய்ப் பிசுக்கு நீங்கும் வழிகளில் இதுவே முதன்மையானது.

பிரிதல்: உருண்ட துளி இழையை மிகச் சிறிய இடத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். கசக்குதல், தேய்த்தல், கல்லில் அடித்தல், இயந்திரத்தின் சுழற்சி ஆகியவை அந்தப் பிடியை விடுவிக்கின்றன. துளி உருவாகும் முன் எவ்வளவு அடித்தாலும் பயன் குறைவு. முதலில் ஊறவைத்து, பிறகு துவைப்பதன் பொருத்தம் இங்கு விளங்கும்.

சிதறி நிற்றல்: பிரிந்த எண்ணெய், நுண்ணிய துளிகளாக நீரில் சிதறிப் பால்மம் ஆகிறது. ஒரு சிறு பகுதி மிசெல்களின் உட்பகுதியில் புகுந்து தங்குகிறது. எண்ணெய் உண்மையில் கரைவதாகச் சொல்லத்தக்கது இந்தச் சிறு பகுதி மட்டுமே.

திரும்பப் படியாமை: எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்துள்ள சர்பாக்டன்ட் தலைகள் எதிர்மின்சுமை கொண்டவை. காரத்தன்மையுள்ள நீரில் பருத்தி இழையும் எதிர்மின்சுமை பெறுகிறது. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்குவதால், துளிகள் துணியை நெருங்குவதில்லை. சலவை நீரில் சர்பாக்டன்ட் போதாமல் போனால் இந்தப் பாதுகாப்பு குலையும். பல முறை துவைத்த வெள்ளை வேட்டி முழுவதும் மெல்லச் சாம்பல் நிறமாக மாறுவது, ஓரிடத்து அழுக்கு எல்லா இடத்திலும் திரும்பப் படிந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

வெப்பநிலையின் பங்கு

எண்ணெய் உருண்டு துளியாக வேண்டுமானால் அது முதலில் நீர்மமாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். நெய் உருகுவதற்கு அதைவிடக் கூடுதல் வெப்பம் தேவை. தோல் எண்ணெயின் பல பகுதிகளும் உடல் வெப்பத்தை ஒட்டிய நிலையில்தான் நன்கு இளகுகின்றன.

கொல்லிமலையில் மார்கழி, தை மாதக் காலை நேரங்களில் ஓடை நீரின் வெப்பநிலை 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய் ஒட்டிய துண்டை அந்த நீரில் துவைத்தால், எண்ணெய் உறைந்த மெழுகு போல இழையில் நிற்கும். உறைந்த பொருள் உருண்டு வராது. கூடுதலாகச் சலவைத் தூள் போடுவதால் இந்தக் குறை தீர்வதில்லை. அதே துண்டை 40 டிகிரி அளவுக்குச் சூடாக்கிய நீரில், அதாவது கை தாங்கும் வெந்நீரில் ஊறவைத்தால் எண்ணெய் இளகி எளிதில் பிரியும். நண்பகல் வெயிலில் வாளியை வைத்துச் சற்றுச் சூடேறிய பின் ஊறவைப்பதும் ஓரளவு உதவும்.

கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இந்த வெப்பநிலைகளில் உறைவதில்லை. ஆயினும் குளிரில் அவற்றின் பிசுபிசுப்பு கூடுவதால், பிரிவதற்கு அதிக நேரம் எடுக்கும். இயந்திர எண்ணெய்க்கும் இது பொருந்தும்.

நீரின் கடினத்தன்மை

கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுதியாகக் கரைந்த நீர் கடின நீர். சோப்பு மூலக்கூறு இந்த அயனிகளைச் சந்தித்தால் நீரில் கரையாத படிவாக மாறிவிடும். வாளியின் ஓரத்திலும் குளியலறைத் தரையிலும் ஒட்டும் வெண்மையான பிசுக்கு இதுவே. இது துணியிலும் படிந்து துணியை முரடாக்கும்.

எவ்வளவு சோப்பு வீணாகிறது என்பதைக் கணக்கிடலாம். நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் எனக் கொள்வோம். கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100. ஆகவே ஒரு லிட்டரில் 0.003 மோல் கால்சியம் உள்ளது. ஒரு கால்சியம் அயனி இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். எனவே 0.006 மோல் சோப்பு செயலிழக்கும். சோடியம் ஸ்டியரேட்டின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 306. ஆக, லிட்டருக்கு 1.8 கிராம் அளவு சோப்பு வீண். 20 லிட்டர் வாளிக்கு இது ஏறத்தாழ 37 கிராம். ஒரு துளி எண்ணெய்கூட நீங்குவதற்கு முன்பே இவ்வளவு சோப்பு செலவாகிவிடுகிறது. லிட்டருக்கு 30 மில்லிகிராம் மட்டும் கொண்ட மென்னீரில் இந்த இழப்பு 4 கிராமுக்கும் குறைவு.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 200 மில்லிகிராமையும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் உச்ச வரம்பாக 600 மில்லிகிராமையும் குறிப்பிடுகிறது. குடிப்பதற்கு ஏற்ற நீரும் சோப்புக்கு ஏற்ற நீராக இருக்க வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

வீட்டு நீரைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களில் ஒன்றில் மழைநீரும் மற்றதில் வீட்டு நீரும் பாதி அளவு எடுத்து, சம அளவு சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்க வேண்டும். வீட்டு நீர் நுரைக்காமல் வெண்மையாகக் கலங்கினால் அது கடின நீர். இச்சோதனைக்கு டிடர்ஜெண்ட் தூள் உதவாது; அது கடின நீரிலும் நுரைக்கும்.

டிடர்ஜெண்டின் சல்போனேட் தலை, கால்சியத்துடன் சோப்பைப் போல எளிதில் படிவாவதில்லை. டிடர்ஜெண்ட் பரவியதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆயினும் மிகக் கடினமான நீரில் அதன் திறனும் குறையும்.

சலவைத் தூளில் உள்ள பிற பொருள்கள்

சலவைத் தூளில் சர்பாக்டன்ட் ஒரு பகுதி மட்டுமே. மற்றவை அதன் வேலைக்குத் துணை நிற்பவை.

சலவைச் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட், கால்சியத்தைப் படியவைத்து நீரை மென்மையாக்குகிறது, காரத்தன்மையும் தருகிறது. தோல் எண்ணெயில் உள்ள தனித்த கொழுப்பு அமிலங்கள் இந்தக் காரத்துடன் சேர்ந்து அங்கேயே சோப்பாகின்றன. இயந்திர எண்ணெயில் இது நடவாது. ஹைட்ரோகார்பன்கள் காரத்துடன் வினைபுரியாததால், கிரீஸ் பட்ட துணிக்குச் சலவைச் சோடா மட்டும் போதாது. சியோலைட், பாலிபாஸ்பேட் போன்றவையும் கால்சியத்தைக் கட்டுப்படுத்தப் பயன்படுகின்றன.

கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்ற பொருள் பருத்தி இழையின் மேல் படிந்து அதன் எதிர்மின்சுமையைக் கூட்டுகிறது. அழுக்கு திரும்பப் படியாமல் காப்பது இதன் வேலை. மிகச் சிறிய அளவே போதும்.

லிப்பேஸ் நொதி, டிரைகிளிசரைடுகளைச் சிறு பகுதிகளாக வெட்டுகிறது. மரபணுத் தொழில்நுட்பத்தால் உற்பத்தி செய்யப்பட்ட முதல் சலவை லிப்பேஸ் 1988-இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. நொதிகள் மெல்ல வேலை செய்பவை. அவற்றுக்கு ஊறும் நேரம் தேவை. கொதிக்கும் நீர் அவற்றைச் செயலிழக்கச் செய்யும்.

ஒளிர்வூட்டிகள் அழுக்கை நீக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிட்டு, துணியை வெண்மையாகக் காட்டுகின்றன.

நுரையும் சுத்தமும்

நுரை என்பது காற்றைச் சூழ்ந்த சர்பாக்டன்ட் படலம். அழுக்கு நீங்குவது இழையும் எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில். நுரைக்கு அதில் பங்கு மிகக் குறைவு. சலவை இயந்திரங்களுக்கான தூள்கள் குறைவாக நுரைக்கும்படி தயாரிக்கப்பட்டும் நன்கு சுத்தம் செய்கின்றன. நுரை தரும் ஒரே தகவல், கரைசலில் இன்னும் சர்பாக்டன்ட் மீதமிருக்கிறது என்பது. எண்ணெய் மிகுந்த துணியைப் போட்டதும் நுரை அடங்கினால், சர்பாக்டன்ட் எண்ணெயைச் சூழச் செலவாகிவிட்டது என்று பொருள்.

மென்னீரில் நுரை எளிதில் எழும். சமவெளியில் பழகிய அளவையே மலையில் போட்டால், அலசுவதற்குக் கூடுதல் நீர் செலவாகும். துணியில் தூள் தங்கித் தோலில் அரிப்பும் ஏற்படலாம்.

பழைய முறைகள்

கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் டிடர்ஜெண்டுக்கு முன்பே பயன்பாட்டில் இருந்தவை. இவற்றிலுள்ள சபோனின்கள், எண்ணெயை விரும்பும் கருவும் நீரை விரும்பும் சர்க்கரைப் பகுதிகளும் கொண்ட மூலக்கூறுகள். கடின நீரிலும் இவை சோப்பைப் போலப் படிவாவதில்லை. பூந்திக்கொட்டைக் கரைசல் காரத்தன்மை அற்றது. எனவே காரத்தால் கெடும் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றது. ஆனால் கிரீஸ் படிந்த பருத்தித் துணிக்கு இதன் திறன் போதாது.

பருத்திக்குச் சலவைத் தொழிலாளர் கையாண்ட முறை வேறு. கார உப்புகள் நிறைந்த உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணிகளை நனைத்து, பெரிய பானையின் மேல் அடுக்கி, நீராவியில் இரவு முழுவதும் அவித்தார்கள். இதுவே வெள்ளாவி. மறுநாள் துறையில் அடித்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தினார்கள். இதில் வெப்பம் கொழுப்பை இளக்குகிறது; காரம் கொழுப்பின் ஒரு பகுதியைச் சோப்பாக மாற்றுகிறது; அடித்தல் துளிகளைப் பிரிக்கிறது; வெயில் நிறத்தை வெளுக்கிறது. இன்றைய சலவைக்குத் தேவையான எல்லாக் கூறுகளும் அந்தத் தொழிலறிவில் இருந்தன. காரத்தைத் தாங்கும் பருத்திக்கே இம்முறை பொருந்தும்.

டிடர்ஜெண்டின் வரவு

முதல் செயற்கை வீட்டுச் சலவைப் பொருள்களில் ஒன்றான ஃபேவா 1932-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. பாஸ்பேட் துணைப்பொருளுடன் கடினச் சலவைக்கான டைட் 1946-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. இந்தியாவில் 1959-இல் சர்ஃப் தூள் வந்தது. 1969-இல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா, குறைந்த விலையால் சலவைத் தூளைச் சிற்றூர்கள் வரை கொண்டுசென்றது.

தொடக்கக் கால டிடர்ஜெண்டுகளின் வால் கிளைத்த அமைப்புடையது. நுண்ணுயிரிகளால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. 1960-களின் நடுப்பகுதியில் அந்நாடுகள் கிளையற்ற வால் கொண்ட லீனியர் வகைக்கு மாறின. காற்றோட்டமுள்ள நீரில் இது நுண்ணுயிரிகளால் சிதையும். காற்றில்லாத சேற்றில் சிதைவு மிகக் குறைவு.

வீட்டில் கையாளும் முறை

எண்ணெய் பட்ட துணியைத் தாமதிக்காமல் துவைப்பது நல்லது. நாள்பட்ட எண்ணெய் காற்றின் ஆக்சிஜனுடன் சேர்ந்து மஞ்சளித்து இறுகும். பிசுக்கு நீங்கும் முன் இஸ்திரி போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

மிகுந்த எண்ணெயை முதலில் தாளால் அல்லது பழந்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். பிசுக்குள்ள இடத்தில் சலவைத் தூளைக் கெட்டியாகக் குழைத்துத் தடவிச் சிறிது நேரம் விட்டால், தேவையான இடத்தில் சர்பாக்டன்ட் செறிவாகக் கிடைக்கும். பின்னர் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஊறவைத்துத் துவைக்கலாம். கடின நீர் உள்ள இடங்களில் நீரில் முதலில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து, அதன் பிறகு தூளைப் போடுவது சிக்கனம். மலை நீரில் தூளைக் குறைத்து, வெப்பத்தைக் கூட்ட வேண்டும்.

பட்டறைகளில் கிரீஸ் படிந்த உடையை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ நனைத்துத் துவைப்பது உண்டு. எண்ணெயை எண்ணெய் கரைப்பதால் இது பலன் தருவது உண்மை. ஆனால் அந்த ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, மின்விசை அருகில் இதைச் செய்வது உயிருக்கே ஆபத்து. இத்துணியைச் சலவை இயந்திரத்தில் போடவும் கூடாது.

சலவை நீரும் ஓடையும்

துணியிலிருந்து நீங்கிய பிசுக்கு மறைந்துவிடுவதில்லை. அது சலவை நீரில் இருக்கிறது. கொல்லிமலையில் இந்த நீர் எங்கே போகிறது என்பது முக்கியமான கேள்வி. மலையின் ஓடைகள் சேர்ந்து உருவாகும் அய்யாறு, அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. அங்கிருந்து புளியஞ்சோலை வழியாகச் சமவெளியில் இறங்கிக் காவிரிப் படுகையைச் சேர்கிறது. மேலே ஓர் ஊரின் சலவைத் துறை, கீழே இன்னோர் ஊரின் குடிநீர்த் துறையாக இருக்கக்கூடும். ஆடிப்பெருக்கை ஒட்டி நடைபெறும் வல்வில் ஓரி விழாவின்போது அருவியில் குளிப்போர் கூட்டமும் பெருகும்.

சர்பாக்டன்ட், துணியிலுள்ள எண்ணெயையும் உயிரினத்தின் உடலிலுள்ள எண்ணெயையும் வேறுபடுத்தி அறியாது. மீனின் செவுள்களில் உள்ள மெல்லிய சவ்வு கொழுப்பால் ஆனது. அதனால் டிடர்ஜெண்ட் மீன்களுக்குத் தீங்கு விளைவிக்கிறது. இயற்கைப் பொருளான பூந்திக்கொட்டையும் இதற்கு விலக்கில்லை. சபோனின் உள்ள தாவரங்களை நசுக்கி நீரில் கலந்து மீன்களை மயக்கிப் பிடிப்பது பல நாட்டுப் பழங்குடிகளின் பழைய முறை. பாஸ்பேட் கலந்த தூள்கள் குட்டைகளில் பாசியைப் பெருக்கி, நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கின்றன.

இதற்கான தீர்வு எளியது. ஓடையிலிருந்து நீரை வாளியில் எடுத்துவந்து, கரையிலிருந்து விலகிய இடத்தில் துவைத்து, சலவை நீரை மண்ணில் விட்டால், மண்ணிலுள்ள காற்றும் நுண்ணுயிரிகளும் சர்பாக்டன்டையும் எண்ணெயையும் சிதைக்கின்றன. வாழை, கல்வாழை போன்றவை அந்த ஈரத்தில் நன்கு வளரும். சலவைத் தூளின் சோடியம் ஒரே இடத்தில் சேர்ந்தால் மண் இறுகும். எனவே நீர் விடும் இடத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். மென்னீர் கிடைக்கும் மலையில் குறைந்த தூளே போதும் என்பதால், துணிக்கும் ஓடைக்கும் ஒருசேர நன்மை தரும் வழி, வெந்நீரைக் கூட்டித் தூளைக் குறைப்பதுதான்.